காவலற்ற கிராமமும் காவலர் மொழியும்

கிராமங்களிற் களவும் கசிப்பும் பெருகிவிட்டன என்ற குரல் எழும்போதெல்லாம் ஒரே மருந்துதான் கூறப்படுகின்றது: பொலிசாரின் தொகையைக் கூட்டுக, புதிய நிலையங்களைத் திறக்குக. வடக்குக் கிழக்கு மாகாணங்களுக்கு இம்மருந்தைப் பரிந்துரைப்போர் நோயை அறியாதார். அன்றேல் அறிந்தும் அறியாதார்போல் நடிப்போர். 2009இல் போர் ஓய்ந்த பின்னரும் அங்கே சீருடை அணிந்தோருக்குப் பஞ்சம் ஏற்படவில்லை. ஆயினும் பட்டியிலிருந்து மாடு களவுபோயிற்று. ஆற்றுமணல் இரவோடிரவாக ஏற்றப்பட்டது. கசிப்புக் காய்ச்சுபவன் இன்னான் என அறிந்திருந்தும் ஊர் வாய்திறக்கவில்லை. குறைபாடு ஆட்டொகையில் அன்று; ஊரை அறிந்த, ஊரவர் அச்சமின்றி அணுகத்தக்க காவல் இல்லாமையே குறைபாடு.

1963 வரை அவ்விடத்தில் விதானையார் இருந்தார். குறிசுட்ட அடையாளத்தைக் கொண்டே மாடு எவருடையது என்று கூறவல்லவர் அவர். அதற்காக அவரைத் தருமதேவதையாகச் சித்திரித்தல் பொருந்தாது. நிலவுடைமையாளர் முற்றத்திற் கைகட்டி நின்ற விதானைமாரிடம் ஒடுக்கப்பட்ட சாதியினர் நீதி பெற்றமை அரிது. அம்முறை ஒழிந்தது நியாயமே. அவ்விடம் வெற்றிடமாக விடப்பட்டதே அநியாயம். பின்வந்த கிராம சேவகர் பதிவுகளுக்கும் அத்தாட்சிப் பத்திரங்களுக்கும் உரியவரானார். 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டத்தோடு கிராமக்கோடுகளும் மறைந்தன. அதன்பின் வேலிச் சண்டைக்கும் பயிரழிவுக்கும் பட்டணத்து நீதிமன்றமே கதியாயிற்று. கூலித்தொழிலாளி ஒவ்வொரு தவணைக்கும் ஒருநாட் சம்பளத்தை இழந்தான். 1988இன் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைகள் பிணக்குகளை இணக்கவல்லன. இரவிற் கள்வனைப் பிடிக்கவல்லன அல்ல.

இனி மொழியை நோக்குக. அயலவன் எல்லைக் கதியால்களைப் பிடுங்கித் தன் காணிக்குள் தள்ளி நட்டுவிட்டான் என்று ஒரு விதவை முறையிடுகின்றாள் எனக் கொள்வோம். கதியால் இன்னதென அறியாத உத்தியோகத்தர் 'வேலி சேதமாக்கப்பட்டது' எனச் சிங்களத்தில் எழுதுகின்றார். வாசிக்க அறியாத அவ்வெழுத்தின்கீழ் அவள் கையொப்பமிடுகின்றாள். காணிபறிப்பு அக்கணமே சிறு சேதமாகிவிட்டது! பின்னர் நீதிமன்றில் அவள் உண்மையைக் கூறினால், முன்னைய வாக்குமூலத்தோடு முரண்படுகின்றாள் என எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மடக்குவார். 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. பொலிஸ் நிலையங்களில் இருமொழி வல்லோர் இருபத்துநான்கு மணிநேரமும் இருத்தல் வேண்டும், முறையிடுவோர் தாம் விரும்பும் மொழியில் வாக்குமூலமளிக்கும் உரிமை பெறல் வேண்டும் என 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் விதந்துரைத்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

தமிழ் இளைஞர் பொலிசிற் சேர முன்வருவதில்லை என்பது வழமையான மறுமொழி. அச்சீருடையணிந்த தமிழர் ஆயுதக் குழுக்களாற் சுடப்பட்டதையும், அச்சீருடையினராலே தமிழர் வதைக்கப்பட்டதையும் கண்ட வீடுகளிலிருந்து வேறெதனை எதிர்பார்ப்பது? அதே திருத்தம் கூறும் மாகாணப் பொலிசை எந்த அரசாங்கமும் இதுவரை அமைக்கவில்லை. தமிழ்த் தலைவர்களும் பொலிஸ் அதிகாரத்தைத் தேர்தல் மேடைக்குரிய பங்காகவே பேசுகின்றனர். மாட்டுக்கள்வனைப் பற்றி அவர்தம் பேச்சிற் கேட்பது அரிது. விழிப்புக் குழுக்களை அமைக்கலாம் என்போரும் உளர். சட்டத்துக்குப் பொறுப்பற்ற குழு, ஊரில் வலியவன் கைத்தடியாகிப் பழைய விதானையாரையே பல கைகளோடு மீளக் கொணரும். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையோ, அரசாங்க அதிபர் எழுத்தில் நியமிக்கும் கிராம உத்தியோகத்தரைச் சமாதான உத்தியோகத்தராக ஏற்கின்றது. அவ்வாறு நியமித்து, அவரது அலுவலகத்தில் முறைப்பாட்டாளரின் மொழியிலேயே எழுதப்படும் பதிவேடொன்றை வைத்து, அதன் பிரதியைப் பொலிசுக்கும் முறையிட்டவருக்கும் வழங்குவதற்குப் புதிய முகாமோ கட்டடமோ தேவையில்லை.