இளம் சிறை அலுவலர் எந்த மொழியைக் கற்கிறார்?

இந்தியாவில் பட்டப்படிப்பை முடித்த ஓர் இளைஞர் சிறைத்துறையைத் தம் முதல் விருப்பமாகக் கொண்டு நுழைவது அரிது. ஆட்சிப்பணி, காவல்துறை, வருவாய்த்துறை என எழுதிய தேர்வுகளின் தரவரிசையில் எஞ்சி நின்ற இடமாகவே உதவிச் சிறைக் கண்காணிப்பாளர் பதவி பலருக்கு வாய்க்கிறது. எழுத்துத் தேர்வு பொது அறிவையும் கணக்கையும் தருக்கத்தையும் சோதிக்கிறது. உடற்தகுதித் தேர்வு உயரத்தையும் மார்பளவையும் ஓட்டத்தையும் அளக்கிறது. நாள்தோறும் நூற்றுக்கணக்கான மனிதரோடு பேசியும் கேட்டுமே ஆற்ற வேண்டிய ஒரு பணிக்கு, பேசும் திறனும் கேட்கும் திறனும் தகுதியாகக் கருதப்படுவதில்லை. சிறைச் சீர்திருத்தம் குறித்த நம் கல்விப்புல விவாதங்கள் கைதியைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் மிகுதியாகப் பேசுகின்றன. அவ்விரண்டுக்கும் இடையே திறவுகோலோடு நிற்கும் இந்தப் புதியவரைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் பேசுவதில்லை.

அவருக்குப் பயிற்சி இல்லையென்று கூற முடியாது. 1979 முதல் வேலூரில் இயங்கும் சிறை மற்றும் சீர்திருத்த நிருவாகக் கழகம் தென் மாநிலங்களின் அலுவலர்களைப் பயிற்றுவிக்கிறது. சண்டிகரிலும் லக்னௌவிலும் இத்தகைய நிறுவனங்கள் உள்ளன. குற்றவியலும் உளவியலும் மனித உரிமைச் சட்டமும் அங்கே பாடங்கள். 1978, 1980 ஆம் ஆண்டுகளின் சுனில் பத்ரா தீர்ப்புகளைப் படிக்காமல் எவரும் அவ்வகுப்பைக் கடப்பதில்லை. சிறைக்கதவுக்குள் நுழையும்போது அடிப்படை உரிமைகள் வெளியே கழற்றி வைக்கப்படுவதில்லை என்பதை அவர் அங்கே நன்றாகவே கற்கிறார். பின்னர், பணியிட ஆணையோடு ஒரு நடுவண் சிறையின் வாயிலை அடைகிறார். அங்கே வேறொரு மொழி காத்திருக்கிறது.

வட இந்தியச் சிறை ஒன்றை எடுத்துக்கொண்டால் அம்மொழியின் அடுக்குகள் தெளிவாகத் தெரியும். வாயிற்கட்டு 'டியோடி' எனப்படுகிறது. நடுவிலுள்ள கண்காணிப்பு வட்டம் 'சக்கர்'. புதிதாக வந்தவர்களை வைக்கும் தொகுதி 'முலாஹிஜா'. உற்றுநோக்கல் என்னும் பொருளுடைய அரபுச் சொல் பாரசீகத்தின் வழியே அலுவலக உருதுவுக்கு வந்து, சிறைச்சுவருக்குள் ஓர் இடத்தின் பெயராக உறைந்துவிட்டது. தலை எண்ணுதல் 'கிந்தி'. உறவினர் சந்திப்பு 'முலாக்காத்'. அபாயச் சங்குக்குப் 'பக்லி கண்டி' என்று பெயர்; பைத்தியக்கார மணி என்பது அதன் நேர்ப்பொருள். 'நம்பர்தார்' என்னும் சொல் இன்னும் சுவையானது. ஆங்கில 'நம்பர்' என்பதோடு பாரசீக 'தார்' விகுதி ஒட்டிப் பிறந்தது அது; வெளியே நிலவரி செலுத்தும் ஊர்த்தலைவரைக் குறித்த சொல், உள்ளே பிற கைதிகளை மேய்க்கும் கைதியைக் குறிக்கிறது. காலனிய ஆட்சி ஊரை ஆண்ட முறையும் சிறையை ஆண்ட முறையும் ஒன்றே என்பதற்கு ஆவணக்காப்பகம் வரை செல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு சொல் போதும்.

சொற்பட்டியலைவிட ஆழமானது சுட்டுப்பெயர். இந்தியில் முன்னிலைக்கு 'தூ', 'தும்', 'ஆப்' என மூன்று படிகள். பிரௌனும் கில்மனும் 1960இல் எழுதிய கட்டுரை, அதிகாரமும் நெருக்கமும் முன்னிலைச் சுட்டில் எவ்வாறு படிகின்றன என்பதை ஐரோப்பிய மொழிகளைக் கொண்டு காட்டியது. சிறையின் காலைக் கணக்கெடுப்பு அக்கட்டுரைக்குக் கிடைத்திருக்கக்கூடிய மிகச் சிறந்த களம். தம் தந்தையின் வயதுடைய ஒருவரை இருபத்தைந்து வயது அலுவலர் எச்சுட்டால் அழைப்பது என்பதை எந்தக் கையேடும் கூறுவதில்லை. மூத்த காவலரின் வாயைப் பார்த்து அவர் 'தூ' என்று தொடங்குகிறார். தொடங்கியதை மாற்றுவது கடினம். ஒருமையிலிருந்து பன்மைக்கு ஏறுகிறவரைச் சிறை பலவீனர் என்று வாசிக்கும்.

'இங்கே கடுமொழி இல்லாமல் ஒழுங்கு நிற்காது' என்பது பணியில் மூத்தோர் அளிக்கும் விளக்கம். இதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அதன் பின்னே ஒரு மெய்யான நெருக்கடி இருக்கிறது. ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் என்பது மாதிரிச் சிறைக் கையேடு விதிக்கும் விகிதம். 2022ஆம் ஆண்டிறுதியில் நாட்டின் சிறைகளில் ஐந்து இலட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். கொள்ளளவில் ஏறத்தாழ 131 விழுக்காடு. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களிலோ பத்துக்கு மூன்று காலி. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையே பழைய கொள்ளளவை வைத்துக் கணக்கிட்டது என்பதையும் சேர்த்துக்கொண்டால், இரவுப் பணியில் ஒரு காவலர் எத்தனை பேருக்குப் பொறுப்பு என்பதை ஊகிக்கலாம்.

ஆனால் இந்த நெருக்கடியிலிருந்து கடுமொழியின் தேவை பிறப்பதில்லை. அதற்கு நேர்மாறானதே பிறக்கிறது. கிரெஷம் சைக்ஸ் 1958இல் ஓர் அமெரிக்கச் சிறையைப் பற்றி எழுதிய நூலில், காவலரின் முழு அதிகாரம் ஏட்டில் மட்டுமே உள்ளது, அன்றாடத்தை ஓட்ட அவர் கைதிகளின் ஒத்துழைப்பை விலை கொடுத்து வாங்குகிறார் என்று காட்டினார். இந்தியச் சிறையில் அந்த விலைக்குச் சட்ட வடிவமே இருந்தது. 1894ஆம் ஆண்டின் சிறைச்சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிறை அலுவலராக நியமிக்கப்பட்ட கைதியைப் பொதுஊழியராகவே கருதுகிறது. எனவே புதிய அலுவலர் உண்மையில் இரண்டு ஆசிரியர்களிடம் பாடம் கேட்கிறார்: ஓய்வுபெறும் தறுவாயிலுள்ள தலைமைக் காவலர் ஒருவர், பத்தாண்டு உள்ளிருக்கும் நம்பர்தார் ஒருவர். யார் எந்தத் தொகுதியில், எவருடைய சொல்லுக்கு எத்தனை மதிப்பு, எந்தப் புகாரைக் கேளாதது போல் விட வேண்டும் என்பதெல்லாம் இவ்விருவர் வழியே வருகின்றன. பயிற்சி நிறுவனத்தின் மொழி சான்றிதழில் தங்கிவிடுகிறது.

'சீருடை எவரையும் கொடியவராக்கும்' என்ற பொதுநம்பிக்கை மாணவரிடையே இன்றும் வலுவாக உள்ளது. 1971இன் ஸ்டான்ஃபோர்டுச் சிறைச் சோதனை அதற்குச் சான்றாகப் பாடப்புத்தகங்களில் இன்னும் வலம் வருகிறது. அச்சோதனையின் ஆவணங்களை ஆராய்ந்து தீபோ லெ தெக்ஸியே 2019இல் வெளியிட்ட கட்டுரை வேறொன்றைக் காட்டியது: காவலர் வேடமிட்டவர்கள் தாமாகவே கடுமைக்கு நழுவிவிடவில்லை; எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே கற்பிக்கப்பட்டது, தயங்கியவரிடம் கடுமையாக இருக்கும்படி வலியுறுத்தப்பட்டது. இந்தத் திருத்தம் நம் விவாதத்துக்கு மிக இன்றியமையாதது. கடுமை சூழலின் இயற்கை விளைவு என்றால் எவரும் பொறுப்பாளர் அல்லர். அது கற்பிக்கப்படுவது என்றால், கற்பிப்பவர் யார், எந்தச் சொற்களால், எத்தனை நாளில் என்ற கேள்விகள் எழும். அவற்றுக்கு விடை காண வேண்டியவர்கள் சமூகவியலாளர் மட்டும் அல்லர்.

சொற்களால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய சுகன்யா சாந்தா வழக்கின் தீர்ப்பைப் படிக்கலாம். இதழியலாளர் ஒருவரின் புலனாய்விலிருந்து எழுந்த அவ்வழக்கு, பெருமளவுக்குச் சிறைக் கையேடுகளின் வாசகங்களைப் பற்றியது. உத்தரப்பிரதேசக் கையேடு, வெறுங்காவல் தண்டனை பெற்றவரை இழிவான பணிகளில் ஈடுபடுத்தலாகாது என்று கூறிவிட்டு, அத்தகைய பணிகளைச் செய்து 'பழகிய' வகுப்பைச் சேர்ந்தவராக இருந்தாலன்றி என்று ஒரு விலக்கைச் சேர்த்திருந்தது. மேற்கு வங்க விதிகள் 'தகுந்த சாதி'யைச் சேர்ந்த சமையற்காரரைக் கேட்டன. துப்புரவுக்குச் சாதிகளின் பெயர்களையே பட்டியலிட்டன. அத்தகைய விதிகளை அரசமைப்புக்கு முரணானவை என்று நீதிமன்றம் நீக்கியது. கைதிகளின் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியை அகற்றவும், மூன்று மாதத்தில் கையேடுகளைத் திருத்தவும் ஆணையிட்டது. பாளையங்கோட்டை நடுவண் சிறையில் சாதிவாரியாகத் தொகுதி பிரிப்பதை அமைதியின் பெயரால் உயர் நீதிமன்றம் முன்பு ஏற்றிருந்த நிலைப்பாட்டையும் அத்தீர்ப்பு ஏற்கவில்லை. இப்பழக்கத்தை வடக்கின் நோய் என்று கருதி நிம்மதியடையும் தமிழ் வாசகர் இந்தப் பத்தியை இருமுறை படிப்பது நல்லது.

'பழகிய' என்னும் அந்தச் சொல்லின் வேலையைக் கவனிக்க வேண்டும். ஆணை எதையும் அது பிறப்பிப்பதில்லை. வெளியே இருப்பதை விவரிப்பதுபோல் பாவனை செய்து, உள்ளே அதை விதியாக்குகிறது. கையேட்டிலிருந்து சொல்லை நீக்க ஒரு தீர்ப்பு போதும். 'இவன் என்ன ஆள்?' என்று சேர்க்கையின்போது வாய்மொழியாகக் கேட்டு வேலை ஒதுக்கும் பழக்கத்தை நீக்க, கேட்கும் இடத்தில் இருப்பவர் மாற வேண்டும். வட இந்தியச் சிறையில் 'ஜமாதார்' என்பது காவலர் பதவியொன்றின் பெயர்; அதே சொல் ஊர்வழக்கில் துப்புரவுப் பணியாளரைக் குறிக்கிறது. எந்த ஜமாதார் என்பதை யார் யாரிடம் எத்தொனியில் கூறுகிறார் என்பதே முடிவு செய்கிறது. இதைப் புதியவர் ஒரே வாரத்தில் பிழையின்றிக் கற்றுக்கொள்கிறார் என்பதுதான் கவலைக்குரியது.

பெயர்மாற்றங்களின் மீது அரசுகளுக்கு நெடுநாள் நம்பிக்கை உண்டு. மேற்கு வங்கம் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிறையைச் சீர்திருத்த இல்லமாக்கியது. நடுவண் உள்துறை அமைச்சகம் 2023இல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சட்டமும் 'சீர்திருத்தப் பணிகள்' என்ற தொடரைத் தலைப்பிலேயே தாங்குகிறது. நல்லதே. ஆயினும் 2022ஆம் ஆண்டின் கணக்குப்படி கைதிகளில் நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரிடத்தில் அலுவலர் எதைச் சீர்திருத்துவது? சாந்தாராமின் 1957ஆம் ஆண்டு இந்திப் படத்தையும், அதன் தமிழ் வடிவமான 'பல்லாண்டு வாழ்க'வையும் கண்டு வளர்ந்த தலைமுறைக்குச் சிறை அலுவலர் என்றால் ஆறு கொலைக்குற்றவாளிகளை உழவர்களாக்கும் இலட்சியவாதி. அப்படம் அவுந்து சமஸ்தானத்தின் திறந்தவெளிச் சிறைச் சோதனையிலிருந்து பிறந்தது. ஆகவே வெறுங்கனவும் அன்று. ஆனால் இன்றைய இளம் அலுவலரின் முன் நிற்பவர் பெரும்பாலும் குற்றவாளி என்றே தீர்ப்பளிக்கப்படாதவர். அவருக்குத் தேவை மனமாற்றம் அன்று. வாய்தா எப்போது, வழக்கறிஞர் யார், பிணை கிடைத்தும் ஏன் இன்னும் உள்ளேயிருக்கிறோம் என்ற மூன்று கேள்விகளுக்கு, அவருக்குப் புரியும் மொழியில் விடை.

இங்கேதான் இப்பணியின் உண்மையான கனம் இருக்கிறது. 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம், பிணை ஆணை பெற்றும் ஏழு நாள்களுக்குள் விடுதலையாகாத கைதியைப் பற்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலருக்குச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும் என்று பணித்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர், அக்குற்றத்துக்குரிய உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், சில விலக்குகளுக்கு உட்பட்டு, அவரைப் பிணையில் விடுவிக்க வேண்டும். அதற்காக நீதிமன்றத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். சட்டம் வழக்கறிஞருக்காகவோ உறவினருக்காகவோ காத்திருக்கவில்லை. கண்காணிப்பாளரின் மேசைக்கு அந்தக் கணக்கைக் கொண்டு செல்ல வேண்டியவரோ பதிவறையில் அமர்ந்திருக்கும் இளநிலை அலுவலர். ஒருவர் மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் உள்ளனவா, முன்பு தண்டனை பெற்றவரா என்பதை அவர் சரிபார்க்க வேண்டும். ஏட்டைப் பார்த்தால் மட்டும் போதாது. அக்கைதியிடம் பேச வேண்டும். ஒடியாவோ சந்தாலியோ மட்டும் அறிந்த ஒரு புலம்பெயர் தொழிலாளி வேற்று மாநிலச் சிறையில் இருக்கும்போது, இந்தப் பேச்சு நடக்கவில்லையென்றால் விண்ணப்பமும் பிறப்பதில்லை.

இவ்வளவு பொறுப்பை ஏற்பவருக்குத் துறை என்ன தருகிறது என்பதும் நேர்மையாகக் கேட்கப்பட வேண்டும். முல்லா குழு 1980களின் தொடக்கத்திலேயே சிறைகளுக்கென அகில இந்தியப் பணி ஒன்றைப் பரிந்துரைத்தது. அது இன்றுவரை உருவாகவில்லை. சிறைகள் மாநிலப் பட்டியலில் இருப்பதால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு ஊதியம், ஒவ்வொரு விதி. துறையின் தலைமைப் பதவி பெரும்பாலும் காவல்பணி அதிகாரியிடம் இருக்கிறது. சிறையின் பூட்டு ஓசையோடு முப்பதாண்டு வாழ்ந்தவர் அந்த நாற்காலியை அடைவதில்லை. குடியிருப்பும் மதிலையொட்டியே அமைவதால், பணிநேரம் முடிந்தாலும் அபாயச் சங்கு ஒலித்தால் ஓட வேண்டும். தம் பணி இன்னதென்று வெளியில் கூறத் தயங்கும் அலுவலர்கள் உள்ளனர். மதிப்பைப் பெறாத ஒருவர் மதிப்பு விகுதியை எளிதில் வழங்குவதில்லை. இது நியாயமாகாது, ஆனால் நடப்பது இதுவே.

ஆகவே பயிற்சிக் காலத்தின் வரிசை மாற வேண்டும். புதியவரை முதலில் வாயிற்கட்டுக்கும் தொகுதிக்கும் அனுப்பி, மூத்தோரின் வாய்மொழியில் ஊறவிட்டு, பின்னர் ஏட்டுக்குக் கொண்டுவருவது இன்றைய வழக்கம். முதல் சில மாதங்களைப் பிணை, வாய்தா, 479ஆம் பிரிவுக் கணக்கு ஆகியவை கையாளப்படும் பதிவறையிலும் சட்ட உதவி மையத்திலும் கழிக்கச் செய்தால், கைதியை அவர் முதன்முதலாகச் சந்திப்பது ஒரு வழக்கெண்ணின் வழியாகவும் ஒரு கோரிக்கையின் வழியாகவும் அமையும். தலை எண்ணிக்கையின் வழியாக அன்று. சிறைச் சேர்க்கையின்போது கைதியின் தாய்மொழியைப் பதிவு செய்வதும், அம்மொழி அறிந்த அலுவலரோ மொழிபெயர்ப்பாளரோ எத்தனை நாளுக்குள் அவரோடு பேச வேண்டும் என்று விதிப்பதும் பெருஞ்செலவு கோரும் காரியங்கள் அல்ல. சாதிப் பத்தியை அகற்றியதால் பதிவேட்டில் இப்போது ஓர் இடம் காலியாகவே இருக்கிறது.