நாக்கை மடிக்க வராத அப்பா

மரபியல் பாடம் தொடங்கும் நாளில் பிளஸ் டூ பிள்ளைகளிடம் "நாக்கைக் குழல் மாதிரி மடிங்க, பார்ப்போம்" என்பது பல வருடங்களாக என் வழக்கம். வகுப்பு கலகலத்துவிடும். மடிக்க வந்தால் ஓங்கு பண்பு, வராவிட்டால் ஒடுங்கு பண்பு என்று பலகையில் கட்டம் போட்டுக் காட்டுவேன். வீட்டில் அப்பா அம்மாவையும் பார்த்துக் குறித்து வரச் சொல்வேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு வருடம், மணி அடித்து எல்லோரும் கலைந்த பிறகும் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். "மிஸ், எனக்கு மடிக்க வருது. அப்பாவுக்கும் வரல, அம்மாவுக்கும் வரல" என்றாள், குரலே எழும்பாமல். நான் போட்ட கட்டத்தின்படி அப்படியொரு பிள்ளை பிறக்க வழியே இல்லை. அவள் விழுங்கிய மீதிக் கேள்வி எனக்குப் புரிந்தது. "சில நேரம் அப்படியும் வரும்மா" என்று சொல்லி அனுப்பினேன். அது எனக்கே பதிலாகப் படவில்லை.

அன்றிரவுதான் ஓமிம் என்ற இணையக் களஞ்சியத்தை முதன்முறையாகத் திறந்தேன். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் விக்டர் மெக்கூசிக் 1966இல் புத்தகமாகத் தொடங்கிய பட்டியல் அது. அச்சில் 12 பதிப்புகள் கண்டது. 1987இலேயே இணையத்துக்கும் வந்துவிட்டது. மனிதரிடம் மரபுவழி வரும் பண்பு, நோய், மரபணு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆறிலக்க எண். காசில்லாமல் யாரும் படிக்கலாம்.

நாக்கு மடிப்பின் எண் 189300. அங்கே குறித்திருந்த கட்டுரைகளைப் பிடித்துக்கொண்டு போனேன். மரபணுக்கள் குரோமோசோமில் அமைந்த வரிசையை 1913இல் முதன்முதலாக வரைந்துகாட்டிய ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட்தான், 1940இல் நாக்கு மடிப்பு ஓங்கு பண்பு என்று எழுதியவர். 1952இல் மேட்லாக் என்பவர் 33 ஜோடி ஒத்த இரட்டையரைப் பார்த்தார். 7 ஜோடிகளில் ஒருவருக்கு மடிக்க வந்தது, மற்றவருக்கு வரவில்லை. ஸ்டர்ட்டிவன்ட் தன் கூற்றைக் கைவிட்டார். அது நிரூபணமான உதாரணமாக நூல்களில் இன்னும் தொடர்வது தனக்கு வெட்கமாக இருக்கிறது என்று 1965இல் எழுதவும் செய்தார். சொன்னவரே திருத்திக்கொண்டதை இத்தனை காலம் கழித்தும் நான் பலகையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் முதல் மணிக்கு முன்பே அந்தப் பெண்ணைக் கணினி அறைக்கு அழைத்துப்போனேன். 33, 7 என்ற இரண்டு எண்களையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பிறகு வகுப்பு முழுவதற்கும் என் தவறைச் சொன்னேன்.

இப்போது மரபியல் பாடத்தைக் கணினி அறையில்தான் தொடங்குகிறேன். ஓமிம் மருத்துவர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்குமாக எழுதப்பட்டது. ஆங்கிலம் கடினம், நோய்களின் விவரம் சில இடங்களில் மனதைக் கலக்கும். அதனால் பிள்ளைகளை அதில் தனியாக விடுவதில்லை. ஒரு பத்தியை நான் வாசிப்பேன், அவர்கள் தமிழில் எழுதுவார்கள். யார், எந்த வருடம், எத்தனை பேரைப் பார்த்துச் சொன்னார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். எண்களைப் படிப்பதில் அவர்களுக்கு ஓர் ஆர்வம் வந்துவிட்டது. முதல் இலக்கம் 3 என்றால் எக்ஸ் குரோமோசோம், 4 என்றால் ஒய், 5 என்றால் தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா.

வீட்டுக்கு அனுப்பிக் குறித்துவரச் சொல்வதை அடியோடு நிறுத்திவிட்டேன். ஒரு குடும்பத்தின் ரத்த உறவைக் கட்டத்தில் போட்டுச் சரிபார்க்க ஆசிரியருக்கு உரிமை இல்லை. அதற்குப் பதிலாக விக்டோரியா மகாராணியின் வம்சத்தைப் பலகையில் வரைகிறேன். மகாராணி, மகள் ஆலிஸ், பேத்தி அலெக்சாண்ட்ரா, கொள்ளுப்பேரன் அலெக்சி. பெண்கள் வழியே வந்து, ரஷ்ய இளவரசனிடம் ரத்தம் உறையாத நோயாக வெளிப்பட்டது. அது ஹீமோஃபிலியா பி என்பது 2009இல், அந்தக் குடும்பத்தாரின் எலும்புகளில் எடுத்த டி.என்.ஏ.வால்தான் உறுதியானது. எண் 306900. முதல் இலக்கத்தைப் பார்த்ததும் "எக்ஸ்!" என்று வகுப்பே கத்தும்.

சென்ற வாரம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "மிஸ், விக்டோரியாவோட அப்பாவுக்கு அந்த நோய் இல்லையே. அம்மா வழியிலும் யாருக்கும் இருந்ததா தெரியலையே. அப்போ இவங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?" அறை முழுக்கக் கேட்கும்படி சத்தமாகத்தான் கேட்டாள். மரபணு புதிதாகவும் மாறும் என்றேன். அன்று பாடம் அங்கிருந்து தொடங்கியது.