டேப் தட்டினால் பார்ட்டி பெயர் வரும்!

பொதட்டூர்பேட்டை தறிக்கார ஊர். அங்கே ஒரு வீட்டில் பழைய அரசு லேப்டாப் ஒன்று பில் போட உதவுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் அதில் இருக்கிறது.

வீட்டுப் பெண் 'பில்' என்று சின்னதாக ஒரு கட்டளை எழுதி வைத்திருக்கிறாள். கறுப்புத் திரையில் அதை அடித்து, பக்கத்தில் வியாபாரியின் ஊரை ஆங்கிலத்தில் அடித்தால் பில் தயார். நகரி என்றால் சுலபம். நாராயணவனம் என்றால் 13 எழுத்து! அவசரத்தில் ஊர் மாறிவிட்டால், சேலைக் கட்டும் மாறிப் போகும். அது திரும்பும்வரை பணம் வராது. பணம் வராமல் அடுத்த நூல் வாங்க முடியாது.

இதற்குத்தான் டேப் பட்டன். பாதி அடித்துவிட்டு அதைத் தட்டினால், மீதியைக் கணினியே நிரப்பும். 1970-களில் டெனெக்ஸ் என்ற இயங்குதளத்தில் இருந்த வசதி இது. கென் கிரீர் இதை யூனிக்ஸுக்குக் கொண்டுவந்தார். 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளியிட்ட 'பாஷ்' ஷெல்தான் இன்று பெரும்பாலான லினக்ஸில் இருக்கிறது.

ஆனால் பாஷுக்குக் கோப்பு, கட்டளை போன்றவற்றின் பெயர்தான் தெரியும். நம் பார்ட்டிகளைத் தெரியாது. 2000-ல் வந்த 2.04 பதிப்பிலிருந்து அதை நாமே சொல்லிக்கொடுக்கலாம்.

முதலில், பார்ட்டி ஊர்களை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுத வேண்டும். அடுத்து ஒரு குட்டி ஃபங்ஷன். அதுவரை அடித்த சொற்களை பாஷ் 'காம்ப் வேர்ட்ஸ்' என்ற பட்டியலில் தரும். எத்தனையாவது சொல்லில் இருக்கிறோம் என்பதை 'காம்ப் சிவேர்ட்' சொல்லும். அந்த அரைகுறைச் சொல்லில் தொடங்கும் ஊர்களை மட்டும் 'காம்ப்ஜென்' சலித்துக் கொடுக்கும். சலித்ததை 'காம்ப்ரிப்ளை'யில் போட்டால் ஃபங்ஷன் முடிந்தது. கடைசியாக, 'கம்ப்ளீட்' கட்டளையால் அதை 'பில்' கட்டளையோடு இணைக்க வேண்டும். எல்லாமே நாலைந்து வரிதான். பாஷ்ஆர்சி கோப்பில் சேர்த்துவிட்டால் எப்போதும் வேலை செய்யும்.

இப்போது 'என்', 'ஏ' என்று இரண்டு எழுத்து அடித்து டேப்பை இருமுறை தட்டினால் நகரி, நாராயணவனம் இரண்டும் திரையில் வரும். மூன்றாவதாக 'ஜி' அடித்துத் தட்டினால் நகரி முழுதாக விழும். தறியில் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவைப் பிணைப்பார்களே, அதுபோலத்தான். விழுதிலும் அச்சிலும் ஒவ்வோர் இழையாக மறுபடி கோக்கும் வேலை மிச்சம். புது பார்ட்டி வந்தால் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. எண்டர் தட்டும் முன்பே, டேப் தட்டும் ஒவ்வொரு முறையும் அந்த ஃபங்ஷன் ஓடும். அதனால் அது பட்டியலைப் படிக்க மட்டும் செய்யட்டும். எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது. அடுத்தது, டேப் எழுத்துப் பிழையைத்தான் தடுக்கும். நகரிக்குப் போக வேண்டிய சரக்கா என்று அதற்குத் தெரியாது. எண்டர் தட்டும் முன் ஊர்ப்பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுவது நல்லது.