மருந்துக் கடை உதவியாளருக்கு ஏணி உண்டா?

பத்மநாபபுரம் நகராட்சியைச் சேர்ந்த தக்கலை போன்று, அரசு மருத்துவமனை அமைந்துள்ள ஊர்களில் வேலை தேடும் இளைஞர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எளிதில் கிடைப்பது மருந்துக் கடை உதவியாளர் பணி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழகத்தில் முதலிடம் வகித்த மாவட்டம் கன்னியாகுமரி. எனவே, படித்தவர்களே இப்பணிக்கு வருகிறார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை என்று சேர்பவர்களில் பலர் அதிலேயே ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள்.

பணி எளிதானதன்று. மருத்துவரின் கையெழுத்தைப் படிக்க வேண்டும். பெயரில் ஒத்திருக்கும் இரு மருந்துகளைப் பிரித்தறிய வேண்டும். இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் பாதுகாக்க வேண்டும். காலாவதியானவற்றை ஒதுக்க வேண்டும். 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்-1 பட்டியல் மருந்துகளின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறித்து, அதை மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். இவற்றில் பெரும்பகுதி பல கடைகளில் உதவியாளரின் கைகளில்தான் நடக்கிறது.

ஆனால், சட்டத்தின் பார்வையில் அவர் யார்? 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் பதிவு பெற்ற மருந்தாளுநரை மட்டுமே அறியும். மருந்துச் சீட்டுக்குரிய மருந்தை அவரோ, அவரது நேரடி மேற்பார்வையில் மற்றவரோதான் வழங்கலாம் என்கின்றன மருந்து விதிகள். இந்த 'மற்றவர்' என்ன படித்திருக்க வேண்டும், எவ்வளவு பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதை விதிகள் வரையறுக்கவில்லை. மருந்தாளுநரின் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, அவர் கடையில் இல்லாத நேரங்களில் சட்டத்தை மீறும் சுமையும் உதவியாளரின் தலையிலேயே விழுகிறது. 2023-இல் நிறைவேறிய ஜன் விஸ்வாஸ் சட்டம், பதிவு பெறாதவர் மருந்து வழங்கினால் விதிக்கப்படும் அபராதத்தின் உச்சவரம்பை ஆயிரம் ரூபாயிலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்தியுள்ளது.

சரி, அவரே மருந்தாளுநராகலாமே என்றால், பட்டயப் படிப்பில் சேர பிளஸ் 2 வகுப்பில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். பின்னர் இரண்டாண்டுப் படிப்பு, 500 மணி நேரப் பயிற்சி. வணிகவியலோ கலைப் பாடமோ படித்தவருக்குக் கதவு மூடியே இருக்கிறது. அறிவியல் படித்தவரும் வேலையைத் துறந்தால்தான் முழுநேரம் படிக்க முடியும். கடையில் உழைத்த பத்தாண்டுகள் ஒரு மணி நேரப் பயிற்சியாகக்கூடக் கணக்கில் வருவதில்லை.

அனுபவத்தைச் சட்டம் என்றுமே மதித்ததில்லை என்றும் கூறிவிட முடியாது. முதல் பதிவேடு தயாரிக்கப்பட்டபோது, மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ மொத்தம் ஐந்தாண்டுகள் மருந்து கலக்கும் பணியில் இருந்தவர்களும் பதிவு செய்துகொள்ள அதே 1948 சட்டம் இடமளித்தது. அது இடைக்கால ஏற்பாடு. அந்த வாயிலை அப்படியே மீண்டும் திறக்கச் சொல்வது நோயாளிகளுக்குப் பாதுகாப்பாகாது. பட்டயம் பெற்றும் வேலைக்குக் காத்திருப்போருக்கு அது அநீதியும்கூட.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. பிரிட்டனில் மருந்தாளுநருக்கு அடுத்த நிலையில் மருந்தகத் தொழில்நுட்பர் என்ற பிரிவு உள்ளது. வேலை செய்துகொண்டே பயிற்சி பெற்று இந்நிலையை அடையலாம். 2011 முதல் இவர்களும் பதிவு செய்வது கட்டாயம். பணியின் எல்லையும் பொறுப்பும் வரையறுக்கப்பட்டிருப்பதால் மருந்தாளுநரின் இடம் பறிபோவதில்லை.

2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் தமிழக அரசு தொடங்கியது. கூட்டுறவுச் சங்கங்களும், மருந்தியல் படித்த தொழில்முனைவோரும் அவற்றை நடத்துகின்றனர். உதவியாளர்களுக்கான முறையான பயிற்சியை இங்கேயே தொடங்கலாம். தகுதியுள்ள உதவியாளர்களுக்குப் பட்டயப் படிப்பில் சில இடங்களையும் உதவித்தொகையையும் ஒதுக்கலாம். இடைநிலைப் பதிவுக்கு வழிசெய்ய மத்திய அரசை வலியுறுத்தலாம்.

அதுவரை, பிளஸ் 2 அறிவியல் முடித்துவிட்டு இவ்வேலையில் சேர நினைப்போருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: வாய்ப்பிருந்தால் முதலில் பட்டயம் பெறுங்கள். அதற்கு வழியில்லாமல் ஏற்கெனவே கடைக்குள் நிற்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. அவர்கள் கையிலிருந்து மருந்து வாங்கும் நம் நலனும் அந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது.