முகாமில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை வேண்டும்

உயிருக்கு அஞ்சி ஓடுபவர் முதலில் பார்ப்பது தூரத்தை. அடுத்து, அங்கே சொந்தம் உண்டா, பேச்சு புரியுமா என்பதை. 1983 ஜூலைப் படுகொலைக்குப் பின் இலங்கைத் தமிழர்கள் மன்னார்க் கரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் படகேறியது அப்படித்தான். மண்டபத்தில் பதிவு முடிந்து பல மாவட்ட முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். புதுச்சேரியை அடுத்த பொம்மையார்பாளையத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வரும் கீழ்ப்புத்துப்பட்டு முகாம் அவற்றுள் ஒன்று.

அடைக்கலம் கிடைத்தவர்கள் மறுபடியும் கடலில் இறங்குவது ஏன்? 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 பேருடன் ஒரு படகு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. தமிழ்நாட்டில் தங்கியிருந்த இலங்கைத் தமிழர்களும் அதில் இருந்தனர். நடுக்கடலில் மறித்த ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பல், குழந்தைகளையும் சேர்த்து அனைவரையும் ஏறத்தாழ ஒரு மாதம் கடலிலேயே அடைத்து வைத்தது. பின்னர் அவர்கள் நவுரு தீவுக்கு அனுப்பப்பட்டனர்.

இப்படிக் கடலில் இறங்குவதற்குப் படகுப் பயண ஏஜென்ட்டுகளின் ஆசை வார்த்தையை மட்டும் காரணம் காட்டுவது தவறு. வேறு நாட்டு அகதிகளிடமும் இதே நிலையைப் பார்க்கலாம். முடிவில்லாத கட்டாய தேசியப் பணிக்குத் தப்பி எத்தியோப்பியாவையும் சூடானையும் அடைந்த எரித்ரியர்கள் பலர், அங்கே நிலைக்க வழியின்றி லிபியா வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போகிறார்கள். 2013 அக்டோபரில் இத்தாலியின் லாம்பெடூசா தீவருகே படகு மூழ்கி இறந்த 360-க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் எரித்ரியரே. உயிர் தப்பிய இடத்தில் பிள்ளைகளுக்கு எதிர்காலம் தெரியாதபோதுதான் அடுத்த கரையைத் தேடுகிறார்கள்.

இங்கே முகாம்களில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசு பணக்கொடையும் ரேஷனும் தருகிறது. 2021-இல் 317 கோடி ரூபாயில் வீடு, கல்வி உதவிகளை அறிவித்தது. இவை பாராட்டுக்குரியவை. ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில் இருக்கிறது. குடியுரிமைச் சட்டத்தின் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம், ஆவணமின்றி வந்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று வகைப்படுத்தி, அவர்கள் குடியுரிமை கேட்கும் வழியை அடைத்தது. அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளில் பலரும் குடிமக்களாகவில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு வழி திறந்தது, இலங்கையை விட்டுவிட்டது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு 2025 செப்டம்பரில், ஆவணமின்றி வந்து தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்தது. அதனால் சிறை அச்சம் நீங்கும். பாஸ்போர்ட்டோ வாக்குரிமையோ அரசு வேலையோ கிடைக்காது.

ஊர் திரும்ப விரும்புவோருக்கு ஆவணங்களும் பாதுகாப்பான பயணமும் வேண்டும். இங்கேயே வாழ விரும்புவோருக்கு, முதலில் முகாமில் பிறந்த தலைமுறைக்கு, குடியுரிமை வேண்டும். நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் கட்சி கடந்து அதைக் கேட்டுப் பெற வேண்டும்.