தண்ணீருக்குள் தட்டிப் பார்ப்பது

1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபோது பல கிராமங்கள் நீருக்குள் போயின. நமது தர்மபுரி ஜில்லா நாகமரைக்கு எதிர்க்கரையிலுள்ள பண்ணவாடியில், நீர் வற்றுங் காலத்தில் ஒரு நந்தியும் ஒரு கிறிஸ்தவக் கோவில் கோபுரமும் தலைகாட்டுகின்றன. தண்ணீர் மதம் பார்க்கவில்லை. இரண்டையும் முழுக அடித்தது.

நீர் நிறைந்திருக்கும்போது அடியில் இருப்பதை அறிவதெப்படி? குறி கேட்பதா? விஞ்ஞானம் "தட்டிப் பார்" என்கின்றது. சந்தையில் பானை வாங்குகிற நம் பெண்கள் செய்வதும் இதுதானே! சுண்டினால் நல்ல பானை ஒருவிதமாகவும், விரிசல் கண்டது வேறுவிதமாகவும் ஒலிக்கின்றது.

தண்ணீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். எதிரொலி வினாடியில் ஐம்பதிலொரு பங்கில் திரும்பினால், பொருள் 15 மீட்டர் தூரத்திலிருக்கின்றது என்று அர்த்தம். அதோடு முடியவில்லை. ஒலியில் ஒரு பங்கு மேற்பரப்பில் பட்டுத் திரும்பும். மற்றொரு பங்கு பொருளுக்குள் புகுந்து, அதை அதிரச் செய்து, சற்றுப் பிந்தி வெளிவரும். அந்தப் பிந்தின ஒலியே அது கல்லா, இரும்பா, உள்ளே கூடா என்பதற்குத் துப்புக் கொடுக்கும். உருண்டை, உருளைகளுக்கு இக்கணக்கை 1951-ல் ஜேம்ஸ் பாரன் என்பவர் போட்டுக் காட்டி, சோதித்தும் பார்த்தார்.

இதில் யோக்கியமான சங்கதி ஒன்றுண்டு. கருவியை யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. எதிரொலி இவ்வளவென்று முன்னமே கணக்கிடப்பட்ட டங்ஸ்டன் கார்பைடு உருண்டையை நீரில் தொங்கவிட்டு, முதலில் கருவியையே பரீட்சிக்கின்றார்கள். தரையும் நீர்மட்டமும் தரும் எதிரொலிகளையும் பிரித்து ஒதுக்குகின்றார்கள். குறி சொல்லுகிறவர் எவராவது இப்படியொரு பரீட்சைக்கு உட்பட்டதுண்டா?

கேரளத்து இடுக்கி நீர்த்தேக்கத்தில், குளமாவு என்னுமிடத்தில், கருவிகளை 100 மீட்டர் ஆழம் வரை இறக்கிச் சோதிக்கும் மிதவை மேடை 2024-ல் திறக்கப்பட்டது. கப்பற் படைக்காக இவ்வளவும் செய்யப்படுகின்றது. சரி; குடிகளுக்கு என்ன?

காவிரியில் ஒருவன் முழுகிச் செத்தால், "ஆறு காவு கேட்டது" என்று சொல்லி அழுதுவிட்டுப் போகின்றோம். ஆறு எதையும் கேட்பதில்லை. அங்கே மடுவும் பாறைச் சந்தும் இருக்கின்றன. அவற்றை அளந்து சொல்லுவாரில்லை. ஒலியால் ஆழம் அறியும் கருவி இன்று மீன்பிடி படகுகளிலேயே இருக்கின்றது. ஒகேனக்கல்லிலும் நாகமரையிலும் ஜனங்கள் குளிக்கும் துறைகளை வருஷந்தோறும் அளந்து, ஆழத்தைப் பலகையில் எழுதி நட சர்க்காரால் முடியாதா? ஆடிப்பெருக்குக்குப் பந்தோபஸ்து போடுகிறவர்கள் இதையும் செய்யட்டும்.

காவு என்று சொல்லுகிறவரை யாரும் பொறுப்பாளியல்ல; அளந்துவிட்டாலோ யாராவது பொறுப்பேற்றே ஆகவேண்டும்.