பாயின்ட்ஸை மைல்ஸாக மாற்றும் முன்... அம்மாவுக்கு சீட் இருக்கா, பாருங்க!

முகையூரில் ஒரு அம்மா. மகள் சிங்கப்பூரில். தை மாதம் பிரசவம். சென்னையில் வேலை பார்க்கும் மகனிடம் ஒரு கிரெடிட் கார்டு இருக்கிறது. அதில் இரண்டு வருஷமாகச் சேர்ந்த 40,000 ரிவார்டு பாயின்ட்ஸும் இருக்கிறது. "டிக்கெட்டுக்குக் காசே வேணாம்மா, பாயின்ட்லயே போட்டுடலாம்" என்று தீபாவளிக்கு வந்தபோது சொல்லிவிட்டுப் போய்விட்டான். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இப்போது வாரம் தவறாமல் போன் வருகிறது: "என்னடா, டிக்கெட் ஆச்சா?"

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால், விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் எந்த வீட்டிலும் இந்தப் பேச்சு நடக்கலாம். அந்த மகன் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

முதலில், இந்த மைல்ஸ் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். அடிக்கடி பறப்பவர்களைக் கையோடு வைத்துக்கொள்ள அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் 'அட்வான்டேஜ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பறந்த தூரத்துக்கு மைல் கணக்கு, சேர்ந்தால் இலவச டிக்கெட். பிறகு வங்கிகள் உள்ளே வந்தன. விமான நிறுவனத்திடம் மைல்ஸை மொத்தமாகக் காசு கொடுத்து வாங்கி, கார்டு தேய்ப்பவர்களுக்குப் பரிசாகக் கொடுக்க ஆரம்பித்தன. இன்று விமானமே ஏறாதவர்கள்கூட மளிகைக் கடை பில்லில் மைல்ஸ் சேர்க்கிறார்கள். இது எவ்வளவு பெரிய வியாபாரம் என்றால், கொரோனாவில் விமானங்கள் தரையில் நின்றபோது, 2021-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்த மைல்ஸ் திட்டத்தையே அடமானமாகக் காட்டி 1,000 கோடி டாலர் கடன் திரட்டியது. நம் ஊரில் நகையை வைப்பதுபோல அவர்கள் மைல்ஸை வைத்தார்கள்!

நம் கார்டுக்கு வருவோம். எல்லா கார்டிலும் பாயின்ட்ஸை விமான நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. முதல் கார்டாகக் கிடைக்கும் சாதாரண கார்டுகள் பலவற்றில் கிஃப்ட் வவுச்சர், மிக்சி, பில்லில் கழிவு, அவ்வளவுதான். கொஞ்சம் உயர்ந்த கார்டுகளில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'கிரிஸ்ஃபிளையர்', ஏர் இந்தியாவின் 'மகாராஜா கிளப்' போன்றவற்றுக்கு மாற்றும் வசதி உண்டு. மாற்று விகிதமும் கார்டுக்குக் கார்டு வேறு. சிலவற்றில் ஒன்றுக்கு ஒன்று, சிலவற்றில் இரண்டு பாயின்ட்ஸ் கொடுத்தால்தான் ஒரு மைல்.

லாபமா... கணக்குப் போடுங்க!

மகனின் கார்டில் இரண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 40,000 பாயின்ட்ஸ் 20,000 மைல்ஸ் ஆகும். சென்னை - சிங்கப்பூர் ஒரு வழிக்கு அந்த 20,000 மைல்ஸ் போதும் என்றும், அதே சீட்டைக் காசு கொடுத்து வாங்கினால் 15,000 ரூபாய் என்றும் ஒரு பேச்சுக்கு வைப்போம். மைல்ஸ் டிக்கெட் என்றாலும் விமான நிலைய வரியும் கட்டணங்களும் கையிலிருந்து கட்ட வேண்டும். அதற்கு 4,000 ரூபாய் போட்டால், மிச்சமாவது 11,000 ரூபாய்.

இதே 40,000 பாயின்ட்ஸை, பாயின்டுக்கு 25 காசு என்று கார்டு பில்லிலேயே கழித்தால் 10,000 ரூபாய் கிடைத்திருக்கும். ஆக, இவ்வளவு அலைச்சலுக்கும் லாபம் ஆயிரம் ரூபாய். மாற்றுவதற்கு வங்கி வாங்கும் கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டி-யும் போனால் அதுவும் குறையும்.

ஆனால், பொங்கல் நெருக்கத்தில் அதே டிக்கெட் 30,000 ரூபாய்க்கு ஏறியிருந்தால்? மிச்சம் 26,000. அப்போது பில்லில் கழிப்பதைவிட 16,000 ரூபாய் கூடுதல் லாபம். மைல்ஸின் அருமை விலை ஏறிய நாளில்தான் தெரியும். மலிவான டிக்கெட் கிடைக்கும் நாளில் மைல்ஸைச் செலவழிப்பது வீண்.

ஒரு சங்கடம் இருக்கிறது. எல்லோருக்கும் டிக்கெட் வேண்டிய அந்த நாள்களில்தான் மைல்ஸ் சீட் கிடைப்பது கஷ்டம். விமானத்தில் இடம் காலியாக இருந்தாலே மைல்ஸில் தருவார்கள் என்று நினைக்கக் கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 'சேவர்', 'அட்வான்டேஜ்' போன்ற நிலைகள் உண்டு. குறைந்த மைல்ஸில் கிடைக்கும் சேவர் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு வெயிட்டிங் லிஸ்ட். இல்லையென்றால் கூடுதல் மைல்ஸ் கொடுத்து அட்வான்டேஜ்.

இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். முதலில் பாயின்ட்ஸை மாற்றிவிடுகிறார்கள். அப்புறம் சீட் தேடுகிறார்கள். பாயின்ட்ஸ் ஒருமுறை மைல்ஸ் ஆகிவிட்டால் வங்கிக்குத் திரும்பாது. டிக்கெட்டை ரத்து செய்தால்கூட, அதற்கான கட்டணம் போக, மைல்ஸ் விமான நிறுவனக் கணக்குக்குத்தான் வரும். கிரிஸ்ஃபிளையரில் ஒரு மைலுக்கு ஆயுள் 3 வருஷம். அதற்குள் சீட் கிடைக்காவிட்டால் அத்தனையும் காலாவதி. அதனால் முதலில் கிரிஸ்ஃபிளையரில் இலவசமாகக் கணக்குத் திறந்து, அம்மா போகும் தேதிக்கு மைல்ஸில் சீட் இருக்கிறதா, எவ்வளவு கேட்கிறார்கள், வரி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் மாற்ற வேண்டும். மாற்றியது கணக்கில் ஏறச் சில நாள்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் சீட் கைமாறிவிடும் ஆபத்தும் உண்டு. தேதியில் இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்குத்தான் இந்த விளையாட்டு சரிப்படும்.

இனிஷியல் செய்யும் வேலை

நம் தமிழ்ப் பெயர்களுக்கென்றே ஒரு தலைவலி. கார்டில் 'எஸ். முருகன்' என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து விரிவாக இருக்கும். பாயின்ட்ஸை மாற்ற கார்டுக்காரர் பெயரும் விமான நிறுவனக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வங்கிகள் பொதுவாக எதிர்பார்க்கின்றன. விமான நிறுவனத்துக்கோ பாஸ்போர்ட் பெயர் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் பாயின்ட்ஸ் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, மாற்றும் முன்பே வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டுவிடுவது நல்லது.

அம்மாவுக்கு டிக்கெட் போடுவதற்கும் ஒரு வழிமுறை இருக்கிறது. மகன் கணக்கில் இருக்கும் மைல்ஸில் அம்மா பறக்க, அவரை 'நாமினி' என்று முதலில் சேர்க்க வேண்டும். கிரிஸ்ஃபிளையரில் 5 பேர் வரை சேர்க்கலாம். அம்மாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்து மாறாமல் பதியுங்கள்.

சேர்த்துவைத்தால் வளருமா?

பாயின்ட்ஸ் பேங்க் டெபாசிட் இல்லை. வட்டி கிடையாது, மதிப்பு குறையத்தான் செய்யும். ஆக்சிஸ் வங்கியின் 'மேக்னஸ்' கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பர் 1-க்கு முன்பு 5 பாயின்ட்ஸுக்கு 4 மைல்ஸ். அதன் பிறகு 5-க்கு 2. ஒரு லட்சம் பாயின்ட்ஸ் வைத்திருந்தவருக்கு 80,000 மைல்ஸ் கிடைக்க வேண்டிய இடத்தில் 40,000. அவர் செய்த ஒரே தப்பு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தது.

விமான நிறுவனமே மாறிப்போவதும் உண்டு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ம் தேதியோடு பறப்பதை நிறுத்தியது. அதன் மைல்ஸ் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் தப்பித்து, 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆனால், எந்த விமானத்தில் ஏற ஆசைப்பட்டு மைல்ஸ் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லை. விஸ்தாரா கதை கொஞ்சம் பரவாயில்லை. 2024 நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது, உறுப்பினர்களின் பாயின்ட்ஸ் ஒன்றுக்கு ஒன்று என்று அங்கே போய்ச் சேர்ந்தது. முடிந்தவரை பாயின்ட்ஸை வங்கியிலேயே வைத்திருந்து, தேவை வரும்போது மட்டும் மாற்றுங்கள் என்பது இதனால்தான். அதற்காக வருஷக்கணக்கில் பொத்திப் பொத்தி வைக்கவும் வேண்டாம். கார்டு பாயின்ட்ஸுக்கும் பல வங்கிகளில் காலக்கெடு உண்டு.

இந்தக் கணக்கெல்லாம் மாதாமாதம் பில்லை முழுசாகக் கட்டுபவர்களுக்கு மட்டுமே. 'மினிமம் டியூ' மட்டும் கட்டினால் மாதம் மூன்றரை சதவிகிதத்துக்கு மேல்கூட வட்டி வரலாம். வருஷத்துக்கு 40 சதவிகிதத்தைத் தாண்டும். 30 சதவிகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் போட்ட உத்தரவையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பாயின்ட்ஸுக்காகத் தேவையில்லாததை வாங்கி, பில்லைத் தள்ளிப்போட்டால் அந்த 'இலவச' டிக்கெட்தான் வீட்டிலேயே விலை உயர்ந்த டிக்கெட்.

"உங்கள் ரிவார்டு பாயின்ட்ஸ் இன்று இரவோடு காலாவதி, உடனே இந்த லிங்க்கைத் தொடுங்கள்" என்று எஸ்.எம்.எஸ், வாட்ஸ்அப் வருகிறதா? தொடாதீர்கள். வங்கியின் பெயரில் ஒரு ஆப் ஃபைலை அனுப்பி, அது இறங்கியதும் ஓ.டி.பி-யை எடுத்துக் கணக்கைத் துடைக்கும் மோசடி இது. பாயின்ட்ஸைப் பார்க்க வங்கியின் சொந்த ஆப் அல்லது இணையதளம் போதும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துவிட்டு, கார்டை முடக்கச் சொல்லுங்கள்.

சரி, முகையூர் அம்மாவுக்கு என்ன வழி? பிரசவத் தேதி நம் கையில் இல்லை. போகும் நாள் தள்ளிப்போகவே கூடாது. அதனால் போகும் டிக்கெட்டை இப்போதே காசு கொடுத்து உறுதி செய்துவிடலாம். திரும்பி வர அவசரமில்லை. பேரப்பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்போது எந்த நாளில் சேவர் சீட் இருக்கிறதோ, அந்த நாளில் வரலாம். மைல்ஸ் டிக்கெட்டை ஒரு வழிக்கு மட்டும் போட முடியும் என்பதால் 20,000 மைல்ஸ் அதற்குச் சரியாக இருக்கும். ஆனால், மகள் வீட்டில் எத்தனை நாள் தங்கலாம் என்பதை விசாதான் முடிவு செய்யும். அதைப் பார்த்துக்கொண்டு திரும்பும் தேதியைத் தேட வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். முகையூரிலிருந்து கிளம்பி, திண்டிவனம் வழியாக ஜி.எஸ்.டி ரோட்டில் போகும் கார் வாடகைக்குப் பாயின்ட்ஸ் எதுவும் செல்லாது. அதற்கும் சேர்த்தே மகன் பணம் எடுத்துவைக்கட்டும்.